சராசரியும் வர்க்கமும்

புள்ளிவிபர முறையைத் தெரிதல் வெறும் கணிதப்பணி எனக் கருதுவோர்க்கு ருஷ்ய விவசாயிகள் பற்றிய விவாதத்தை நாம் நினைவூட்ட வேண்டியுள்ளது. 1864இல் தோன்றிய செம்ஸ்த்வோ எனும் உள்ளூராட்சி மன்றங்கள் விவசாயக் குடும்பங்கள் பற்றிய விரிவான தரவுகளைத் திரட்டின. அவற்றின் சராசரிகளில் நரோத்னிக்குகள் முதலாளித்துவம் ஊடுருவாத கிராமசமுதாயத்தைக் கண்டனர். லெனின், 1899இல் வெளியான ‘ருஷ்யாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி’ என்ற நூலில், அதே தரவுகளை வேறு அடிப்படையில் ஆராய்ந்தார். கிராமசமுதாயம் பங்கிட்ட நிலத்தை வறியோர் குத்தகைக்கு விட, வசதிபடைத்தோர் பெற்றுப் பயிரிட்டனர். எனவே பங்குநிலத்தின் அளவு உண்மை நிலையைக் காட்டாது. தானியச் செய்கை மேலோங்கிய தவ்ரிதா மாகாணத்தில் விதைப்புப் பரப்பையும், சராத்தவ் மாகாணத்தில் உழவு விலங்குகளையும் அவர் அளவுகோலாகக் கொண்டார். குதிரையற்றவனையும் பல குதிரைகளுடையவனையும் ஒன்றாக்கிய சராசரி மறைத்த வர்க்கப்பிளவை இவ்வகைப்பாடு வெளிக்கொணர்ந்தது. இன்றும் தலா வருமானக் கணக்குகளை வாசிக்கையில், எவரை எவரோடு சேர்த்து வகுத்தனர் என்பதே நமது முதல் வினாவாதல் வேண்டும்.