கையொப்பமும் சான்றிதழும்

மலாக்கா நகரில் பழம்பொருள் விற்கும் கடையொன்றில், 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் கையொப்பமிட்டது என்று ஒரு காற்பந்தைக் காட்டினர். உடன் 'அசல்' என்றொரு சான்றிதழ். வழங்கியவர் யாரென்று நோக்கினேன், விற்பவரேதான்!

என் தந்தையார் தோட்டத்துத் திடலில் கோல் காவலராக நின்றவர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற நம் அணியின் கோலைக் காத்த ஆறுமுகத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். அவருக்காகவே அப்பந்தை வாங்க எண்ணினேன். ஆறுமுகமோ 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்துவிட்டார். நேரில் கேட்டறிய வழியில்லை.

சான்றிதழ் இருப்பதனாலேயே பொருள் மெய்யாகிவிடாது. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ. நடத்திய 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் சிக்கிய போலிகள் பலவும் சான்றிதழோடு விற்கப்பட்டவையே. அன்னை தெரேசாவின் கையொப்பமிட்ட பேஸ்பால் பந்துகளும் அவற்றுள் இருந்தன. (அன்னையார் எந்த அணிக்கு ஆடினாரோ!) பின்னர், 2001இல் மேஜர் லீக் பேஸ்பால் வேறொரு முறையைக் கொணர்ந்தது. கையொப்பமிடும்போதே சாட்சி ஒருவர் உடனிருந்து பார்த்து, எண்ணிட்ட ஹாலோகிராம் முத்திரையை ஒட்டுவார். எழுத்தின் சுழியைப் பிற்பாடு ஒப்பிட்டு ஒருவர் கூறும் கருத்தைவிட, கண்ணால் கண்டவர் சாட்சியம் வலியது என்பேன்.

கடைக்காரரிடம், "இவர் கையொப்பமிட்டதைக் கண்டவர் யார், ஐயா?" என்று வினவினேன். சான்றிதழையே மீண்டும் நீட்டினார். வாங்காமல் திரும்பினேன். தந்தையாரிடம் இன்னும் சொல்லவில்லை.