பத்துப் பொத்தான்களின் வரலாறு

வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மாத்திரம் உறைவதன்று. மனிதன் கையாளும் கருவிகளிலும் அது தன் சுவடுகளைப் பதித்துச் செல்கின்றது. அமெச்சூர் வானொலியாளர் செய்தி அனுப்பவும் பெறவும் பயன்படுத்தும் கருவியின் அலைவரிசைப் பொத்தான்கள் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இக்காலக் கருவிகள் பலவற்றில் எண் பொத்தான்களே அலைவரிசையைத் தெரிவு செய்யவும் பயன்படுகின்றன. 1 முதல் 9 வரையுள்ள பொத்தான்களும், ஈற்றிலுள்ள 0 உம், முறையே 1.8, 3.5, 7, 10, 14, 18, 21, 24, 28, 50 மெகாஹேட்ஸ் அலைவரிசைகளைக் குறிக்கும். பயிலத் தொடங்குவோர் இவற்றை வாய்பாடு போல நெட்டுருச் செய்வர். ஆயின், இவ்வெண்கள் ஏன் இவ்வாறு அமைந்தன என வினவுவார் சிலரே.

1927ஆம் ஆண்டு வாசிங்டனிற் கூடிய சர்வதேச வானொலி மாநாடு, ஏறத்தாழ 1.8, 3.5, 7, 14, 28, 56 மெகாஹேட்ஸ் அலைவரிசைகளை அமெச்சூர் வானொலியாளர்க்கு ஒதுக்கியது. ஒவ்வொன்றும் முந்தியதன் ஏறக்குறைய இருமடங்காதலைக் காண்க. அலைபரப்பியொன்றில் விரும்பிய அதிர்வெண்ணுடன் அதன் மடங்குகளும் சிறிதளவு தோன்றுதல் இயல்பு. இவ்வொழுங்கினால் இருமடங்கு அலைகள் பிறர்க்குரிய இடத்திற் புகாது அமெச்சூர் அலைவரிசைகளிலேயே விழுந்தன. ஒரே படிகத்தின் அதிர்வெண்ணை இரட்டித்து அடுத்த அலைவரிசைக்குச் செல்லவும் இயன்றது.

இரண்டாம் உலகப் போரின் பின், 56 இன் இடத்தை 50 பெற்றது. 1947இல் அத்திலாந்திக் நகர மாநாடு 21ஐச் சேர்த்தது. அது ஏழின் மும்மடங்கு. 1979இல் ஜெனீவா மாநாடு 10, 18, 24 ஆகிய மூன்றையும் அளித்தது. இவை பழைய இரட்டிப்பு முறையைச் சார்ந்தவையல்ல, இடைவெளிகளிற் குடியேறியவை.

இவ்வரலாற்றை அறிந்தார்க்கு மனனம் எளிதாகும். 3.5, 7, 14, 28 என்னும் பழங்குடியினர் 2, 3, 5, 9ஆம் பொத்தான்களில் உறைவர். அவற்றின் இடைவெளியும் 1, 2, 4 என இரட்டிக்கும். 1979இல் வந்த மூன்றும் 4, 6, 8 என்னும் இரட்டை எண்களில் அமையும். ஏழின் மும்மடங்கான 21 ஏழாம் பொத்தானுக்குரியது.

இது வெறும் எண் விளையாட்டன்று. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாந்தோட்டையின் தொலைபேசித் தொடர்பைத் துண்டித்தபோது, இலங்கை அமெச்சூர் வானொலியாளர் சிற்றலை வழியே கொழும்புடன் தொடர்பு ஏற்படுத்தினர். அத்தகைய வேளையிற் கைந்நூலைப் புரட்ட அவகாசம் ஏது? வன்னியில் வாழும் நமக்கும் இவ்வுண்மை புதிதன்று. மின்சாரமும் மின்கலமும் அரிதாயிருந்த 1990களில், துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலியில் உலகச் செய்தி கேட்ட மக்களின் விரல்கள், இருளிலும் தத்தம் அலைவரிசையைத் தடவி அறிந்தன.

நெட்டுரு நெருக்கடியிற் கைவிடும். காரணமறிந்து கற்றதோ துணைநிற்கும். ஆண்டுகளையும் ஒப்பந்தங்களையும் வரலாற்று வகுப்பில் மனனஞ் செய்யும் மாணவர்க்கும் இஃது பொருந்தும். ஏன் நிகழ்ந்தது என்பதை அறிந்தவன், எப்போது நிகழ்ந்தது என்பதை எளிதில் மறவான்.