ஜாமீன் கையெழுத்து முதல் கேடயம் வரை: பெண் தொழில்முனைவோர் விருதுகளின் வரலாறு

1965 ஜூலை 13 அன்று பிரான்சில் ஒரு சட்டம் நிறைவேறியது. மணமான பெண் கணவனின் சம்மதம் கேட்காமல் வேலைக்குப் போகலாம், தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கலாம் என்றது அது. நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டம் போட்ட முடிச்சு அவிழ அத்தனை காலம் ஆயிற்று. ஏழு ஆண்டுகள் கழித்து, 1972இல், அதே நாட்டின் ரெய்ம்ஸ் நகரைச் சேர்ந்த வவ் கிளிக்கோ என்ற ஷாம்பெயின் நிறுவனம் தன் 200ஆவது ஆண்டை ஒட்டித் தொழில்துறைப் பெண்களுக்கென ஒரு விருதை ஏற்படுத்தியது. தொடர்ந்து வழங்கப்பட்டுவரும் இவ்வகைப் பன்னாட்டு விருதுகளில் அதுவே மூத்ததாகக் கருதப்படுகிறது.

இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பெண்களுக்கான தொழில் விருதுகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மேடை, ஒளிவிளக்கு, ஊக்கம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த விருதுகள் எங்கே, எப்போது முளைத்தன என்று தேடினால் பக்கத்திலேயே வேறொரு வரலாறு கிடக்கிறது: கடன் பத்திரத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதன் வரலாறு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விருது எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பது புரிகிறது.

விருதுக்கு முன்மாதிரியாக நிறுத்தப்பட்டவர், வவ் கிளிக்கோ நிறுவனத்தை வளர்த்த பார்ப்-நிக்கோல் போன்சார்தன். அவருடைய கதையே இதற்குச் சான்று. 1777இல் பிறந்தவர். 1805இல் கணவர் பிரான்சுவா கிளிக்கோ இறந்தபோது அவருக்கு 27 வயது. மனைவியாக இருந்தவரை கணவனின் சம்மதமின்றிச் சொந்தப் பெயரில் வணிகம் நடத்தச் சட்டம் இடம் தரவில்லை. கைம்பெண் ஆன பிறகு தடை இல்லை. மாமனார் பிலிப் பணம் போட ஒப்புக்கொண்டார், ஆனால் அனுபவசாலி ஒருவரிடம் நான்கு ஆண்டுகள் கூட்டாளியாக இருந்து தொழில் கற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தக் கூட்டு பெரிதாக லாபம் பார்க்காமல் முடிந்தது. பிறகுதான் அவர் தனியாக இறங்கினார். 1814இல், நெப்போலியன் வீழ்ந்த கையோடு, போட்டியாளர்கள் விழித்துக்கொள்வதற்கு முன்பே ரஷ்யாவுக்குக் கப்பலில் சரக்கு அனுப்பிச் சந்தையைப் பிடித்தார். புட்டியில் தங்கும் கசடைக் கழுத்துப் பக்கம் இறக்குவதற்காகத் துளையிட்ட மேசையில் புட்டிகளைத் தலைகீழாகச் செருகித் திருப்பும் முறை 1816 வாக்கில் அவருடைய நிலவறையில் உருவானது. இன்றும் ஷாம்பெயின் தொழிலின் அடிப்படைகளில் அது ஒன்று.

வவ் கிளிக்கோ விருது ஒரு விளம்பர உத்தியும்கூட என்பதை மறைக்கத் தேவையில்லை. விருது பெற்றவரின் பெயரை ரெய்ம்ஸில் ஒரு திராட்சைக் கொடிக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. கௌரவம் பெண்ணுக்கு, செய்தி நிறுவனத்துக்கு. பின்னால் வந்த பல விருதுகளும் இந்தக் கணக்கில்தான் நடந்தன.

பிரிட்டனில் கதை இன்னும் தெளிவு. பாலினத்தைக் காரணம் காட்டிக் கடன் மறுப்பது அங்கே சட்டவிரோதமானது 1975ஆம் ஆண்டின் பாலினப் பாகுபாட்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். சட்டம் வந்ததும் வங்கி மேலாளரின் மனம் மாறிவிடுமா? 1976இல் பிரைட்டன் நகரில் ஒரு சிறு அழகுசாதனக் கடை போட ஆனிட்டா ரோடிக் வங்கிக்குப் போனார். ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் போட்டிருந்தார், கூடவே குழந்தைகள். வங்கி கையை விரித்துவிட்டது. அடுத்த முறை கணவர் கார்டனோடு, இருவரும் கோட்டு சூட்டு அணிந்து, பிளாஸ்டிக் உறை போட்ட தொழில் திட்டத்துடன் போனார்கள். 4,000 பவுண்டு கிடைத்தது. இதை அவரே தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். அந்தக் கடைதான் பாடி ஷாப். 1984இல் அது பங்குச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு வவ் கிளிக்கோவின் 'ஆண்டின் சிறந்த தொழில் பெண்மணி' பட்டம் ரோடிக்கைத் தேடி வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் கணவர் இல்லாமல் கடன் கேட்டுப் போனபோது நம்பாத வணிக உலகம், பங்கு விற்பனைக்கு வந்த பிறகு பாராட்டியது. விருதுகளின் இயல்பு இது. வெற்றி முதலில் வர வேண்டும். விருது பின்னால் வரும்.

வெற்றிக்குப் பின்னால் வருவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அடுத்த திருப்பத்தில் என்ன இருக்கிறது என்பது நடுவர் குழுவுக்குத் தெரியாது. லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் காலுறை விற்று வளர்ந்த சாக் ஷாப்பின் சோஃபி மிர்மன் 1988இல் அதே விருதைப் பெற்றார். 1990இல் நிறுவனம் கடன் சுமையில் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. மிர்மன் சோர்ந்துவிடவில்லை, குழந்தைகளுக்கான கடைகளைத் தொடங்கி மீண்டும் எழுந்தார். அந்த இரண்டாம் எழுச்சிக்குத்தான் பெரிய விருது கொடுத்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் 1974இல் கடன் வாய்ப்புச் சமத்துவச் சட்டம் வந்தது. ஆனால் அது தொழில் கடன்களை முழுமையாகக் காக்கவில்லை. 1988இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பெண் தொழில்முனைவோர் வரிசையாகச் சாட்சி சொன்னார்கள். தொழில் நடத்தும் தாய் ஒருத்தி கடனுக்காகத் தன் 17 வயது மகனின் கையெழுத்தை வாங்க நேர்ந்த கதை அன்று முதல் அந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அவ்வாண்டு அக்டோபரில் நிறைவேறிய பெண்கள் தொழில் உரிமைச் சட்டம், ஆண் உறவினரின் கையெழுத்தைக் கேட்ட மாநிலச் சட்டங்களுக்கு முடிவு கட்டியது. அதோடு, அதிகம் பேசப்படாத இன்னொரு வேலையையும் செய்தது: பெண்களுக்குச் சொந்தமான பெரிய நிறுவனங்களையும் கணக்கெடுப்பில் சேர்க்க வைத்தது. எண்ணப்படாத ஒன்றுக்கு எப்படித் தரவரிசை போட முடியும்?

தரவரிசைக் காலம் அதற்குப் பின்தான் பிறந்தது. 1998இல் ஃபார்ச்சூன் இதழ் வணிகத்தில் அதிகாரம் மிக்க 50 பெண்களின் பட்டியலை முதன்முதலாக வெளியிட்டது. அப்போது லூசண்ட் நிறுவனத்தில் இருந்த கார்லி ஃபியோரினா முதலிடம் பெற்றார். மறு ஆண்டு எச்.பி.யின் தலைமைப் பதவி. 2005இல் இயக்குநர் குழு அவரை வெளியேற்றியது. பத்திரிகை, பட்டியல், அட்டைப்படம் மூன்றும் ஒன்றையொன்று ஊதிப் பெரிதாக்கும் என்பதற்கு எலிசபெத் ஹோம்ஸைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தெரனாஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனத்தை நடத்திய அவரை, சொந்த முயற்சியில் பில்லியனரான பெண்களில் மிக இளையவர் என்று ஃபோர்ப்ஸ் கொண்டாடியது. 2015இல் கிளாமர் இதழின் 'ஆண்டின் பெண்' கௌரவமும் கிடைத்தது. 2016 ஜூனில் அதே ஃபோர்ப்ஸ் அவருடைய சொத்து மதிப்பைப் பூஜ்ஜியம் என்று திருத்தியது. 2022 ஜனவரியில் முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மோசடி செய்வதில் ஆண்களும் சளைத்தவர்கள் அல்லர். பிழை பெண் என்பதில் இல்லை. பரிசோதனைக் கருவி வேலை செய்கிறதா என்று கேட்காமலே பட்டம் சூட்டியதில்தான்.

2000த்துக்குப் பிறகு விருது ஒரு தொழிலாகவே மாறியது. 2004இல் அமெரிக்காவின் ஸ்டீவி அமைப்பு தொழில்துறைப் பெண்களுக்கென்று தனி விருதைத் தொடங்கியது. விண்ணப்பக் கட்டணம், பல டஜன் பிரிவுகள், ஒவ்வொன்றிலும் தங்கம், வெள்ளி, வெண்கலம். நம் ஊர் மண்டபங்களிலும் இந்தப் பாணி வந்துவிட்டது. ஸ்பான்சர் பேனர், கட்டணம் கட்டினால் 'நாமினேஷன்', வரிசையாக நின்று சால்வையும் மெமெண்டோவும் வாங்கி ஒரே நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு இறங்குவது. ஏளனம் செய்வது எளிது. ஆனால் வாடிக்கையாளர் பார்வையில் படும்படி கடைச் சுவரில் மாட்டிய அந்தப் படத்துக்கு ஒரு பயன் இருக்கிறது என்பதை அதை வாங்கியவர்கள் அறிவார்கள்.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. 2006இல் தொடங்கிய கார்ட்டியே பெண்கள் முன்னெடுப்பு, ஏற்கெனவே ஜெயித்தவரைத் தேடாமல், வளரத் தொடங்கிய தொழிலைத் தேடியது. இன்சியாட் மேலாண்மைப் பள்ளி அதில் கூட்டாளி. பயிற்சியும் ஆலோசனையும் விருதின் பகுதி. அண்மை ஆண்டுகளில் முதல் மூன்று நிலைகளுக்கு 1,00,000, 60,000, 30,000 டாலர் என்று பரிசுத் தொகை. 2008இல் எர்ன்ஸ்ட் அண்ட் யங் வட அமெரிக்காவில் பெண்களுக்கெனத் தொடங்கிய திட்டமும், தொழிலைப் பெரிதாக்கும் பயிற்சியையே மையமாக வைத்தது. திராட்சைக் கொடிக்குப் பதில் கையில் மூலதனம் வந்தது. வரலாற்றில் இது பெரிய திருப்பம்.

பெண்களுக்குத் தனி விருது எதற்கு என்ற கேள்விக்கும் எர்ன்ஸ்ட் அண்ட் யங்கின் இன்னொரு விருதிலிருந்தே பதில் எடுக்கலாம். அதன் உலகத் தொழில்முனைவோர் விருது ஆண் பெண் இருபாலருக்கும் பொது. 2001இல் தொடங்கிய அதைப் பெற்ற முதல் பெண் ஹைஃப்ளக்ஸ் என்ற சிங்கப்பூர் நீர் சுத்திகரிப்பு நிறுவனத்தின் ஒலிவியா லம், 2011இல். இரண்டாவது பெண் பெங்களூரின் கிரண் மஜும்தார் ஷா, 2020இல். இருபது ஆண்டுகளில் இரண்டே பேர். ஹைஃப்ளக்ஸ் 2018இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டு நின்றது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கிரண் 1978இல் 10,000 ரூபாயோடு வாடகை வீட்டுக் கார் ஷெட்டில் பயோகான் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தொடங்கியபோது வங்கிகள் கடன் தரத் தயங்கின. காரணங்களில் ஒன்று, அவர் பெண் என்பது. பத்மஸ்ரீ 1989இல் வந்தது.

இந்தியாவில் பெண்ணின் கையெழுத்தைச் சட்டம் தடுக்கவில்லை, சொத்தின்மை தடுத்தது. அடமானம் வைக்க நிலம் பெயரில் இருக்க வேண்டுமே. தமிழ்நாடு 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல்தான் வந்தது. அடமானம் இல்லாத பெண்கள் வேறு வழி கண்டார்கள்: சேர்ந்துகொண்டார்கள். ரெய்ம்ஸில் விருது பிறந்த அதே 1972இல் அகமதாபாத்தில் இலா பட் சுயதொழில் பெண்களுக்கான சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுத் தங்களுக்கென்று ஒரு வங்கியையே வைத்தார்கள். அதற்கும் முன்னால், 1959இல், மும்பை கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி மொட்டை மாடியில் அப்பளம் இட்டு லிஜ்ஜத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

இந்தக் கூட்டு முயற்சியை விருதுக்காரர்களால் எளிதில் கையாள முடியவில்லை. மேடையில் ஒருவரைத்தானே நிற்க வைக்க முடியும்? 2002இல் எகனாமிக் டைம்ஸ் தன் 'ஆண்டின் தொழில் பெண்மணி' விருதை லிஜ்ஜத்துக்குக் கொடுத்தது. ஒருமைப் பட்டம், பெற்றவர்களோ பல்லாயிரம் பேர். பெண் விருதுகளின் வரலாற்றில் இதைவிட நல்ல முரண் கிடைப்பது அரிது. நிறுவிய எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

தனியாளின் கதையும் உண்டு. சென்னை மெரினாவில் 1982இல் சிறு கடை போட்ட பட்ரீஷியா நாராயண் முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி. கேன்டீன்கள், உணவகங்கள் என்று வளர்ந்த அவருக்கு 2010இல் ஃபிக்கியின் பெண் தொழில்முனைவோர் விருது கிடைத்தது. ஆனால் அவரைப் போல மேடை ஏறாதவர்களின் தொகையைப் பார்க்க வேண்டும். 2013-14இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் நடத்திய நிறுவனங்கள் சுமார் 80.5 லட்சம், மொத்தத்தில் 13.76 விழுக்காடு. அவற்றில் மிகப் பெரிய பங்கு, 13.51 விழுக்காடு, தமிழ்நாட்டில். ஐந்தில் நான்கு நிறுவனங்கள் சொந்தக் காசிலேயே ஓடின. வங்கிக்குப் போகாதவர்கள், அல்லது போய்த் திரும்பியவர்கள்.

குழுக்களுக்கென்றே விருது ஏற்படுத்தியது அரசுதான். சிறந்த சுய உதவிக் குழுக்களுக்கும் கூட்டமைப்புகளுக்கும் தமிழ்நாடு அரசு மணிமேகலை விருது தருகிறது. பரிசுத் தொகையும் குழுவுக்கே. 1999இல் மத்திய அரசு ஏற்படுத்திய ஸ்த்ரீ சக்தி விருதுகளில் ஒன்றுக்குக் கண்ணகியின் பெயர். அவற்றுள் ஜீஜாபாய் பெயரிலான விருதை 2001 ஜனவரியில் பெற்றவர் மதுரை அழகர்கோயில் பக்கத்துக் கூலித் தொழிலாளி சின்னப்பிள்ளை. பள்ளிக்கூடம் போகாதவர். அறுவடைக்கு ஆள் சேர்த்துக் கூலி பேசுவதில் கெட்டிக்காரர். களஞ்சியம் சேமிப்புக் குழுக்களை ஊர் ஊராகக் கட்டியவர். கந்துவட்டிக்காரரை நம்பியிருந்த பெண்கள் தங்கள் சேமிப்பிலிருந்தே தங்களுக்குக் கடன் கொடுத்துக்கொள்ள வைத்தார். விருது வழங்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய படம் நாடெங்கும் வெளியானது. 2018இல் தமிழக அரசின் ஔவையார் விருது, 2019இல் பத்மஸ்ரீ.

2024 மார்ச்சில் சின்னப்பிள்ளை மறுபடி செய்தியில் வந்தார். அரசுத் திட்டத்தில் தருவதாகச் சொன்ன வீடு இன்னும் வரவில்லை என்று அவர் பேசிய காணொளி பரவியிருந்தது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அவருக்கு வீடு கட்டித்தர முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் உத்தரவிட்டார்.