ஒரு வருசம் பொறுத்தால் என்ன?

பின்னேரம் ரியூசன் விடுகிற நேரத்தில் நெல்லியடிச் சந்தியில் நின்று ஒரு விசயத்தை முழுசாகக் கதைத்து முடிக்க ஏலாது. சைக்கிளும் ஹோர்ன் சத்தமும் விடாது. போன மாதம் நாங்கள் நாலு பேர் அங்கே நின்று ஒன்றரை மணித்தியாலம் தர்க்கப்பட்டோம். எங்களோடு விளையாடித் திரிந்த தம்பி ஒருவன் வடமராட்சிப் பாடசாலை ஒன்றின் 19 வயதுக்குட்பட்ட அணியில் சுழல்பந்து போடுகிறவன். கொழும்புக் கழகம் ஒன்று அவனை வந்து நிற்கச் சொல்லியிருக்கிறது. ஏலெவல் சோதனைக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கு. "சோதனை முடியட்டும், பிறகு எங்கையெண்டாலும் போ" என்கிறா அம்மா. "இப்ப போகாட்டி இனிக் கூப்பிட மாட்டாங்கள்" என்கிறார் பயிற்றுநர். வெளிநாட்டிலிருந்து மாமா போன் எடுத்து, பந்து எறிஞ்சு ஆர் வீடு கட்டினது என்று கேட்டிருக்கிறார்.

அவன் எங்களிடமும் கேட்டான். எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆக்களிடம் இப்படி ஒரு கேள்வி வந்தால் முதலில் பழைய கதையைத்தான் தோண்டுவோம். தோண்டினோம்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் பெரியவிளானில் பிறந்தவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். அப்போது அவருக்கு வயது 17. அவரிடம் போய் "படிப்பா, தொழிலாக விளையாட்டா?" என்று ஆரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் கேட்க வழியே இருக்கவில்லை. அன்றைய ஒலிம்பிக் சட்டப்படி விளையாடிக் காசு வாங்கினவனுக்குக் கதவு சாத்து. 1912 ஸ்ரொக்ஹோமில் இரண்டு தங்கம் வென்ற ஜிம் தோர்ப், அதற்கு முன்னம் எங்கேயோ சின்ன பேஸ்போல் அணியில் கொஞ்சக் காசுக்கு விளையாடினார் என்பதற்காக 1913 இல் பதக்கங்களைப் பறிகொடுத்தார். 'அமெச்சூர்' என்பதை ஏதோ தூய்மையான இலட்சியம் மாதிரி அந்தக் காலத்துப் பெரியவர்கள் இன்னும் சொல்லுகினம். வயிற்றுப்பாட்டுக்குக் கவலையில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது வசதியான இலட்சியம் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

எதிர்வீரசிங்கத்தின் விசயத்தில் அந்தச் சட்டம் வேறு மாதிரி வேலை செய்தது. காசுக்கு விளையாட ஏலாது, ஆனால் விளையாட்டை வைத்துப் படிக்கலாம். அவர் லொஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிற கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். படித்துக்கொண்டே பாய்ந்தார். 1956 இல் மெல்பேர்ன் ஒலிம்பிக், 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டி. ரோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து வென்றது, ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம். 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளி. பிறகு கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம், சியரா லியோனிலும் நைஜீரியாவிலும் விரிவுரை, யுனெஸ்கோ வேலை. 2024 இல் காலமானார். பாய்ச்சல் நின்ற பிறகு அவருக்கு வாழ்க்கை இருந்தது, அதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

இந்தக் கதையை அம்மாமாரிடம் சொன்னால் உடனே "பாத்தியே, படிச்சபடியால்தான்" என்பினம். ஆனால் அவர் படிப்பு முடியட்டும் என்று பாய்ச்சலை நிப்பாட்டி வைக்கவில்லை. படிக்கப் போன இடத்தில் மைதானமும் பயிற்றுநரும் போட்டியும் இருந்தன. எங்கட கம்பஸில் விளையாடுகிற பெடியளைக் கேளுங்கோ, விரிவுரை வரவு வீதத்துக்கும் பயிற்சிக்கும் நடுவில் என்ன பாடு படுகிறார்கள் என்று சொல்லுவார்கள்.

பிறகு எல்லாம் இறுகிப்போனது. 1971 இல் தரப்படுத்தல் வந்தது. முன்னம் கிடைத்த பல்கலைக்கழக இடங்கள் குறைந்தன, ஒரு புள்ளி இரண்டு புள்ளியில் வாழ்க்கை மாறிப்போகும் என்ற பயம் வீடுகளுக்குள் புகுந்தது. பின்னேரம் மைதானத்துக்குப் போன பிள்ளை ரியூசனுக்குப் போகத் தொடங்கியது அந்தப் பயத்தோடுதான் என்பது எங்கட கணிப்பு. பின்னால் யுத்தம். எங்கட நெல்லியடி மத்திய மகா வித்தியாலயமே 1987 இல் இராணுவ முகாமாக இருந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டினது 2009 வரைக்கும். அந்த வருசங்களில் ஏலெவல் எடுத்த அண்ணாமாரில் நல்லாகப் பந்து போட்ட எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். கொழும்புக் கழகம் ஒன்று கூப்பிட்டாலும் போவதற்குக் கப்பல் வேண்டும், அல்லது விமானம் வேண்டும், அதற்கும் அனுமதி வேண்டும். அவர்களைக் காலம் தானாகவே பிற்போட்டுவிட்டது.

இதே காலத்தில் கண்டியில் ஒருவர் ஆறுதலாக வளர்ந்தார். முத்தையா முரளிதரன் புனித அந்தோனியார் கல்லூரியில் பள்ளிக்கூடக் கிறிக்கெற்றை முழுசாக விளையாடி முடித்து, 1991 இல் ஆண்டின் சிறந்த பாடசாலை வீரராகி, தமிழ் யூனியன் கழகத்துக்குப் போய், 1992 ஓகஸ்டில் 20 வயதில் டெஸ்ட் விளையாடினார். பொறுத்தவருக்கு 800 விக்கெட் என்று ஒரு நண்பர் சந்தியில் நின்று கை தட்டினார். தட்டலாம். ஆனால் முரளியின் தந்தைக்குப் பிஸ்கற் தொழிற்சாலை இருந்தது, கண்டியிலிருந்து கொழும்பு மூன்று மணித்தியாலம். இரண்டையும் மறந்துவிட்டுக் கணக்குப் பார்க்கக்கூடாது.

இனி வியாஸ்காந்த். எங்கட தலைமுறைக்கு இந்தக் கேள்வி உண்மையாக வந்தது விஜயகாந்த் வியாஸ்காந்தோடுதான். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் லெக் ஸ்பின்னர். 1904 முதல் நடக்கிற சென் ஜோன்ஸ்–சென்ரல் பெரும் சமரைப் பார்க்க நாங்கள் வகுப்புக் கட் அடித்துப் போன நாட்களில் கேட்ட பெயர். 2020 இல் லங்கா பிரிமியர் லீக் தொடங்கியபோது ஜஃப்னா ஸ்ராலியன்ஸ் அணி அவரை எடுத்தது. டிசம்பர் 4 ஆம் திகதி ஹம்பாந்தோட்டையில் கொழும்பு கிங்ஸுக்கு எதிராக முதல் ஆட்டம், முதல் விக்கெட் அஞ்சலோ மத்தியூஸ். 19 வயதை எட்டும் தறுவாயில் இருந்த பெடியன். கொரோனாவால் மைதானத்தில் பார்வையாளர் இல்லை. ஊரிலே ஒவ்வொரு வீட்டிலும் போனைச் சுற்றி ஆக்கள்.

அவர் பொறுத்திருக்கலாமா? அந்த அணிக்கு யாழ்ப்பாணம் என்று பெயர். பெயருக்கு ஏற்ற ஒரு முகம் அவர்களுக்குத் தேவைப்பட்டது என்று அப்போதே சிலர் குத்திக் கதைத்தார்கள். இருக்கட்டும். கதவு எதற்காகத் திறந்தாலும் உள்ளே போனவன் பந்து போடத்தானே வேணும். அடுத்த வருசங்களில் ஜஃப்னா கிங்ஸ், பங்களாதேஷ் லீக், 2023 ஒக்டோபரில் ஹங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கை அணி, அமீரகத்தில் எம்.ஐ. எமிரேற்ஸ். 2024 இல் காயப்பட்ட ஹசரங்கவின் இடத்துக்கு ஹைதராபாத் அவரைக் கூப்பிட்டது. மே 8 ஆம் திகதி லக்னோவுக்கு எதிராக ஐ.பி.எல். அறிமுகம்: நாலு ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை. நல்ல பந்துவீச்சு. ஆனால் பிறகு ஹைதராபாத் 166 ஓட்டத்தை 9.4 ஓவரில் அடித்து முடித்ததால் அடுத்த நாள் உலகம் முழுக்க ஹெட்டையும் அபிஷேக்கையும்தான் கதைத்தது. யாழ்ப்பாணத்தில் மட்டும் நாங்கள் அந்த நாலு ஓவரைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2020 இல் அந்த அணிப் பட்டியலில் எங்கட பக்கத்துப் பெடியள் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி இப்போது அவ்வளவாகக் கதைப்பதில்லை. மாமாமார் பயப்படுவது வியாஸ்காந்தைப் பார்த்து இல்லை, அந்த மற்றவர்களை நினைத்து.

பொறுத்திரு என்று சொல்லுகிற கட்சிக்கு உலகத்தில் நல்ல உதாரணம் வட அமெரிக்காவின் ஐஸ் ஹொக்கியில் இருக்கு. (அங்கே கொலேஜ் என்றால் பல்கலைக்கழகம், எங்கட 'கல்லூரி' மாதிரி பள்ளிக்கூடம் இல்லை.) தேசிய ஹொக்கி லீக்கின் கழகங்கள் 18 வயதுப் பெடியளை வரிசையாகத் தெரிவு செய்து உரிமையை எழுதி வைக்கும். ஆனால் தெரிவானவன் உடனே போக வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் விளையாடிக்கொண்டிருக்கலாம், உரிமை கழகத்திடமே இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் மட்டும் பல்கலைக்கழக ஹொக்கி முடிந்தது, திரும்பி வர ஏலாது.

கேல் மக்கார் என்ற பின்கள வீரரை 2017 இல் கொலராடோ அணி நாலாவதாகத் தெரிவு செய்தது. அவர் போகவில்லை. மசசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவம் விளையாடினார். இரண்டாவது பருவத்தில் 41 ஆட்டங்கள், நாட்டின் சிறந்த பல்கலைக்கழக வீரருக்கான விருது. 2019 ஏப்ரல் 13 இல் இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டு நாள் கழித்து கொலராடோவுக்காக இறங்கி முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். 2022 இல் ஸ்ரான்லி கிண்ணம். ஓவன் பவர் என்ற இன்னொரு பின்கள வீரர் 2021 இல் முதலாவதாகவே தெரிவாகியும் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு வருசம் திரும்பிப் போனார்.

ஏன் பின்கள வீரர்கள்? முன்னுக்கு நிற்கிறவன் பிழை விட்டால் ஒரு வாய்ப்புப் போகும். பின்னுக்கு நிற்கிறவன் பிழை விட்டால் கோல். உடம்பு முற்ற வேணும், ஆட்டத்தை வாசிக்கப் பழக வேணும், அதற்கு வருசங்கள் தேவை. லெக் ஸ்பின்னும் அந்தச் சாதிதான். 19 வயதில் கூக்ளி போடலாம், எப்போது போடுவது என்று தெரிய இன்னும் காலம் எடுக்கும். அதனால் பொறுக்கச் சொல்வதில் நியாயம் இருக்கு.

ஆனால் மக்கார் பொறுத்த இரண்டு வருசமும் கிழமைக்குக் கிழமை விளையாடினார். எங்கட தம்பி பொறுக்கும் எட்டு மாதத்தில் என்ன செய்வான்? பள்ளிக்கூடப் பருவம் முடிந்துவிடும். காலையில் வகுப்பு, பின்னேரம் ரியூசன், ஞாயிற்றுக்கிழமை சில வேளை ஊர்க் கழகத்தின் மென்பந்து ஆட்டம். மக்கார் மாதிரி அவனுக்கு ஆரும் உரிமை எழுதி வைக்கவும் இல்லை. பிற்போட்டால் இடம் அங்கேயே காத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

மற்றப் பக்கத்தையும் சொல்ல வேணும். கொழும்புக் கழகத்தில் போய் நிற்பது என்றால் என்ன? கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர் தள்ளி ஒரு அறை வாடகை, சாப்பாடு, பிழையாகக் கதைத்துப் பழகுகிற சிங்களம். முதல் பருவத்தில் கன நாள் தண்ணிப்போத்தல் கொண்டு ஓடுவதாகவும் இருக்கலாம். காசு தருவார்களா என்று அவனிடம் கேட்டோம். "அது பிறகு பாப்பம் எண்டவை" என்றான். காசு தராத இடத்தைத் தொழில் என்று சொல்வதே கொஞ்சம் பிழை. அமெச்சூர் காலம் முடிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தது அவசரப்பட்டுத்தான்.

கடைசியில் எங்களுக்குள் ஒரு கணக்கு மட்டும் ஒத்துவந்தது. ஏலெவல் மூன்று தரம் எடுக்கலாம். 19 வயதுக்குட்பட்டவனாக ஒருக்கால்தான் இருக்கலாம். ஆனால் மூன்றாம் தரம் எடுத்துக் கம்பஸ் வந்த எங்கட நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். வகுப்பில் எல்லாரும் தன்னை 'அண்ணை' என்று கூப்பிடுவதைச் சகித்துக்கொள்ளத் தெரிந்தால் பிரச்சினை இல்லையாம்.

ஆகவே நாங்கள் அவனுக்குச் சொன்னது இவ்வளவுதான். போ. ஆனால் போக முதல் மூன்று விசயம் கேள்: கிழமைக்கு எத்தனை நாள் வலைப்பயிற்சி, எத்தனை ஆட்டத்துக்குப் பெயர் வரும், தங்குமிடக் காசு ஆர் கட்டுவது. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் சோதனை எழுதிவிட்டுப் போ. அம்மாவுக்கும் இதையே சொன்னோம். அவ தேத்தண்ணி தந்தா, சரியெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை.

முதல் இரண்டுக்கும் பதில் வந்திருக்கு. மூன்றாவதுக்கு இன்னும் இல்லை. அவன் காலையில் பொருளியல் வகுப்புக்குப் போகிறான், பின்னேரம் பாடசாலை மைதானத்தில் தனியே ஒரு ஸ்ரம்பை நட்டுவைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். எடுத்துக் குடுக்க ஆளில்லாதபடியால் ஆறு பந்துக்கு ஒருக்கால் தானே நடந்து போய்ப் பொறுக்குகிறான். நேரம் உள்ளவர்கள் போய் நில்லுங்கோ.