நரம்பு முனையின் வாயில்

கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுகிறோம், விரல்கள் வளைகின்றன. மூளையின் ஆணை விரலை எட்டியது எங்ஙனம்? நரம்புவழியே உயிர்க்காற்று ஓடுகிறது என்றார் கேலன். நூற்றாண்டுகள் பல அதை நம்பிக் கிடந்தன!

ஆய்ந்து கண்டவருள் ஒருவர் பெர்னார்டு காட்சு. 1911 இல் செருமனியின் லைப்சிக் நகரில் பிறந்தார். யூதர் என்பது ஒன்றே குற்றமாயிற்று. இட்லரின் நாட்டைவிட்டு 1935 இல் இலண்டன் சேர்ந்தார். இனவெறி துரத்திய அந்த அறிவாளரைத்தான் 1970 இல் நோபல் பரிசு நாடி வந்தது.

1967 இல் அவரும் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மிலேடியும் தவளை நரம்பைச் சோதித்தனர். (தவளைக்கு நன்றி கூறுவார் யார்?) துடிப்பு வருமுன் சிறிது கால்சியம் தந்தால், நரம்பு முனை செய்திப்பொருளை உமிழ்ந்தது. துடிப்பு கடந்தபின் தந்தாலோ, பயனில்லை. ஆம், நம் சுண்ணக்கட்டியில் உள்ள அதே கால்சியம்! துடிப்பு வந்ததும் முனையின் வாயில்கள் திறக்கின்றன, கால்சியம் உட்புகுகிறது, செய்தி தசைக்குத் தாவுகிறது.

அவ்வாயில்கள் வெறும் கதவுகள்தாமா? 1980 இல் தசைத் தளர்ச்சி நோயாளிகளின் தசைகளை ஆய்ந்தனர். செய்தியை ஏற்கும் பக்கம் நலிந்திருந்தது. அனுப்பும் நரம்பு முனையோ வழக்கத்தினும் மிகுதியாக உமிழ்ந்துகொண்டிருந்தது! ஒரு பக்கத்தின் குறையை மறுபக்கம் ஈடுகட்டுகிறது. எவ்வாறு? 2006 இல் பழ ஈக்கள் விடை தந்தன. ஏற்கும் பக்கத்தை நஞ்சால் மழுக்கினர். பத்தே நிமிடங்களில் நரம்பு முனை உமிழ்வைப் பெருக்கிச் செய்தியைப் பழைய அளவுக்குக் கொணர்ந்தது. கால்சிய வாயில் பழுதுற்ற ஈக்களில் அவ்வாறு நிகழவில்லை.

அவ்வாயில்களையே உடலின் காவற்படை பகையெனத் தாக்கும் நோயும் மாந்தர்க்கு உண்டு. லாம்பர்ட்–ஈட்டன் நோய் என்பர். தொடையும் இடுப்பும் வலுவிழக்க, அந்நோயாளர் நாற்காலியைவிட்டு எழவும் தவிக்கிறார்.