எல்லையில் எழுந்த வாதம்
பாறசாலை கடந்து களியக்காவிளை செல்லும் நாம் இடையிலுள்ள எல்லையை எண்ணுவதில்லை. 1953இல் பசல் அலி தலைமையில் அமைந்த மாநிலப் புனரமைப்புக் குழுவின்முன் நெய்யாற்றின்கரைக்கும் தமிழர் உரிமை கோரினர். உணர்ச்சிக்குக் குறைவில்லை, 1954 ஆகஸ்டு 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் குண்டுக்கு உயிரீந்தோரும் உளர். ஆயினும் குழு முதன்மையாய் நோக்கியது யாது? வட்டந்தோறும் தமிழ் பேசுவோர் தொகையை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவற்றில் கணக்கே வாதமாயிற்று. நெய்யாற்றின்கரையிலோ, தென்கோடி ஊர்களில் தமிழ் ஒலித்தும், வட்டம் முழுமையிலும் மலையாளமே மிகுந்திருந்தது. தேவிகுளத்தில் தமிழரே மிகுதி. ஆங்குக் கணக்கும் போதவில்லை! தொழிலாளர் வந்தேறியோர், தோட்டங்கள் திருவிதாங்கூருக்கு இன்றியமையாதன என்ற எதிர்வாதம் வென்றது. மறுப்பை முன்னுணர்ந்து விடை எழுதுவது எத்துணை அரிது! 1956 நவம்பர் 1இல் அந்நான்கு வட்டங்களும் சென்னை மாநிலம் சேர்ந்தன. பாறசாலை கேரளத்தில் நின்றது.