பாலாறும் ஒரு பெண் ஹார்மோனும்

ஈஸ்ட்ரோஜன் என்றாலே பெண்களுக்கான ஹார்மோன் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆண் உடலிலும் கொஞ்சம் சுரக்கிறது. எவ்வளவு, எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாயின் வயிற்றில் ஆண் உறுப்புகள் உருவாகும் நாட்களில் அது அளவை மீறினால் என்ன ஆகும்? இந்தக் கேள்வியின் வரலாறு லண்டனில் தொடங்கி, தோல் பதனிடும் வேலூர், ஆம்பூர் வரை வருகிறது.

1938ல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் டை எதில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்தார்கள். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, 1940களில் இருந்து அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். பலன் இல்லை என்று 1953லேயே ஒரு சோதனை காட்டியது. ஆனாலும் நிறுத்தவில்லை! அந்தத் தாய்மார்களின் மகள்களுக்கு அரிய வகைப் புற்றுநோய் வந்ததைக் கண்டு, 1971ல்தான் அமெரிக்க அரசு கர்ப்பிணிகளுக்குத் தரக்கூடாது என்றது.

மகன்கள்? 1975ல் ஜான் மெக்லாக்லன் குழு கருவுற்ற சுண்டெலிகளுக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. பிறந்த ஆண் குட்டிகளில் சுமார் 60 சதவீதம் மலடாக இருந்தன. சிலவற்றுக்கு விரை கீழே இறங்கவே இல்லை.

காரணம் இதுதான். பாலூட்டிகளின் கரு ஆணாக வளர, அதன் விரை சில ஹார்மோன்களைச் சுரந்தாக வேண்டும். கரு முயலின் விரையை அகற்றினால் அது பெண் உறுப்புகளோடு வளர்கிறது என்று 1947ல் பிரெஞ்சு விஞ்ஞானி ஆல்ஃப்ரெட் ஜோஸ்ட் காட்டியிருந்தார். கருவில் ஈஸ்ட்ரோஜன் அதிகமானால், விரையில் உள்ள லேடிக் செல்களின் வேலை மந்தமாகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைகிறது. விரையைக் கீழே இறக்கும் இன்னொரு ஹார்மோனும் குறைகிறது. உறுப்புகள் உருவாகும் காலம் தாண்டிவிட்டால் பிறகு சரிசெய்ய முடியாது.

இனி தோல் தொழிலுக்கு வருவோம். செம்மறி ஆட்டுத்தோலில் கொழுப்பு அதிகம். அதை எடுக்க உலகெங்கும் பல ஆண்டுகள் பயன்பட்ட சோப்பு போன்ற ரசாயனங்களில் ஒன்று நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட். கழிவுநீரில் இது சிதைந்து நோனைல்ஃபீனால் ஆகிறது. 1991ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் இது ஈஸ்ட்ரோஜன் போல் நடிக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதுவும் தற்செயலாக, ஆய்வகப் பிளாஸ்டிக் குழாயில் இருந்து கசிந்ததால்! உண்மையான ஈஸ்ட்ரோஜனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலு குறைந்ததுதான். ஆனால் ஆற்றில் நாள்தோறும் சேர்ந்தால்? இங்கிலாந்தில் கம்பளி ஆலைகளின் கழிவு கலந்த ஏர் ஆற்றில், பெண் மீனுக்கு உரிய முட்டைக்கரு புரதம் ஆண் மீன்களின் இரத்தத்தில் இருந்தது.

2003ல் ஐரோப்பிய ஒன்றியம் துணி, தோல் பதனிடும் வேலைகளில் இந்த ரசாயனத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2005 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இங்கேதான் ஒரு வியாபாரக் கணக்கைக் கவனிக்க வேண்டும். 1989ல் ஜெர்மனி பென்டாகுளோரோஃபீனாலைத் தடை செய்தபோது நம் ஊர் டேனரிகள் உடனே மாறவேண்டி வந்தது. ஏனென்றால் அந்த விஷம் ஷூவிலேயே தங்கி, அதை வாங்குபவரிடம் போய்ச் சேரும். நோனைல்ஃபீனால் அப்படி இல்லை. அதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். ஷூ கப்பல் ஏறும், கழிவு பாலாற்றில் நிற்கும். 2003 சட்டம் ஐரோப்பாவுக்குள் நடக்கும் வேலைக்கு மட்டும்தான். 2021ல் இறக்குமதித் துணிகளுக்கும் கட்டுப்பாடு வந்தது, அதுவும் தண்ணீரில் துவைக்கும் துணிகளுக்கு. துவைத்தால் அவர்கள் ஆறு கெடும். ஷூவை யார் துவைக்கிறார்கள்?

பாலாற்றுக்காக 1991ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு வந்தது. குரோம் முறையில் பதனிட சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்று அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பெயர் சொல்லப்பட்டவை உப்பு, சுண்ணாம்பு, குரோமியம் போன்ற சில மட்டுமே. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் கெட்டது கண்ணுக்குத் தெரிந்தது. ஹார்மோன் போல் நடிப்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை.

நம் ஊர் ஆய்வாளர்களும் சும்மா இருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அருள்தாஸ் குழுவினர், ஆறாம் நிலை குரோமியம் கலந்த குடிநீர் குரங்குகளின் விரையைப் பாதிப்பதை 2005ல் காட்டினார்கள். பிறகு, கருவுற்ற எலிகளுக்கு அதைக் கொடுத்து, பிறந்த ஆண் குட்டிகளையும் ஆராய்ந்தார்கள். குரோமியம் ஈஸ்ட்ரோஜன் அல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான்: தாய் குடித்த தண்ணீர் மகனை என்ன செய்யும்?

இதை வைத்து ஆம்பூர் பிள்ளைகளுக்கு இந்தக் குறை, அந்தக் குறை என்று கிளப்பிவிடக் கூடாது. எலிக்குக் கொடுத்த அளவு வேறு, கிணற்றில் இருக்கும் அளவு வேறு. அளந்தால்தான் தெரியும். வாங்குபவர் கேட்பதை மட்டும் அளந்தால் ஷூ சுத்தமாக இருக்கும். ஆறு சுத்தமாக வேண்டும் என்றால், அதன் கரையில் தண்ணீர் குடிப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.